ஆணையிடாத தளபதி

போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் நம் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் வினாத்தொகுப்புகளில் தவறாது இடம்பெறும் வினா ஒன்று உண்டு. 'இந்திய முப்படைகளின் தலைமைத் தளபதி யார்?' என்பதே அது. கீழே நான்கு விடைகள்: தரைப்படைத் தளபதி, பாதுகாப்பு அமைச்சர், தலைமை அமைச்சர், குடியரசுத் தலைவர். நான்காவதைக் குறித்தவர்க்கு ஒரு மதிப்பெண். அம்மதிப்பெண்ணைப் பெற்ற இளங்கலை மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்து, "ஐயா, அவர் இதுவரை எந்தப் படைக்காவது தாமாக ஓர் ஆணை இட்டதுண்டா?" என்று கேட்டார். வகுப்பு முடியும் வேளை. அரைகுறையாக ஒரு விடை கூறி அனுப்பிவிட்டோம். அன்று சொல்லாமல் விட்டதை இம்மலரில் எழுதத் துணிகின்றோம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வினா இயல்பாகவே எழும். நம் இலக்கியங்கள் காட்டும் மன்னன் படையை ஏவிவிட்டு அரண்மனையில் அமர்ந்திருப்பவன் அல்லன். வள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களைப் படைக்கெனவே வகுத்தார். 11-ஆம் நூற்றாண்டில் கொப்பத்துக் களத்தில் சோழன் இராசாதிராசன் யானைமேல் இருந்தவாறே வீழ்ந்துபட, அவன் தம்பி அக்களத்திலேயே முடிசூடிப் போரைத் தொடர்ந்தான் என்பது வரலாறு. தளபதி என்றால் களத்தில் நிற்பவன் என்ற எண்ணம் நம் குருதியில் ஊறியது. இந்த எண்ணத்தோடு அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டும் மாணவர் திகைப்பதில் வியப்பென்ன?

அச்சட்டத்தின் 53-ஆவது உறுப்பின் இரண்டாம் பிரிவு, ஒன்றியத்தின் பாதுகாப்புப் படைகளின் தலைமை ஆணையுரிமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. அதே மூச்சில், அவ்வுரிமையைச் செலுத்தும் முறை சட்டத்தால் நெறிப்படுத்தப்படும் என்றும் சொல்லிவிடுகிறது. ஒரு கையால் வாளைக் கொடுத்து, மறு கையால் உறையைப் பூட்டியது போன்ற ஏற்பாடு இது. 74-ஆவது உறுப்பின்படி அவர் அமைச்சரவையின் அறிவுரைவழியே நடத்தல் வேண்டும். 1974-இல் சம்சேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஐயத்துக்கு இடமின்றி உரைத்தது. இரண்டாண்டுகளில் வந்த 42-ஆவது திருத்தம் அதனைச் சட்ட வரியாகவே எழுதிவைத்தது.

எனினும் படைவீரன் பார்வையில் இப்பதவி வெறும் பெயரன்று. படையில் சேரும் வீரன் அரசியலமைப்பின்பால் உண்மையுடையவனாய் இருப்பதாகவும், தன் உயிருக்கே இடர் நேரினும் குடியரசுத் தலைவரின் ஆணைகளுக்கும் தன் மேலதிகாரிகளின் ஆணைகளுக்கும் பணிவதாகவும் உறுதி கூறுகின்றான். 1950-ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டப்படி அதிகாரிகளுக்குப் பதவி வழங்குபவர் குடியரசுத் தலைவரே. படையினர் பணியில் நீடிப்பதும் அவர் விழைவின்படியே. படை நீதிமன்றம் விதித்த தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. தலைமை அமைச்சரின் பெயர் அவ்வுறுதிமொழியில் இல்லை; ஆளுங்கட்சியின் பெயரும் இல்லை. இதனை நம் மாணவர்கள் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும்.

1965-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேம்கரண் பகுதியில் பகைவரின் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்து வீரச்சாவு எய்தினார் அவில்தார் அப்துல் ஹமீது. அவருக்குரிய பரம்வீர் சக்கரத்தை அவர் மனைவி இரசூலன் பீவி அவர்கள் 1966-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று பெற்றுக்கொண்டார்கள். வழங்கியவர் குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணன். 2015-இல், காசுமீரத்தில் உயிரீந்த சென்னை வீரர் மேசர் முகுந்து வரதராசன் அவர்களுக்குரிய அசோகச் சக்கரத்தை அவர்தம் துணைவியார் பெற்றபோது வழங்கியவர் பிரணாப் முகர்சி. ஆட்சியில் இருந்தவர்கள் வேறு வேறு கட்சியினர். கைம்பெண்ணின் கையில் பதக்கத்தை வைத்தது மட்டும் ஒரே பதவியின் கை. அக்கை ஒரு கட்சித் தலைவரின் கையாக இருந்திருப்பின், அக்காட்சி மறுநாளே தேர்தல் சுவரொட்டி ஆகியிராதா?

இதற்கு நேர்மாறாக, சற்று நகைப்பைத் தரும் காட்சி ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் சனவரி 29-ஆம் நாள் மாலை, தில்லி விசய் சவுக்கில் குடியரசு நாள் விழா நிறைவு பெறுகிறது. முப்படை இசைக்குழுக்களும் வாசித்து முடித்தபின், இசைக்குழுத் தலைவர் நடைபோட்டு வந்து குடியரசுத் தலைவரிடம், இசைக்குழுக்களை அழைத்துச் செல்ல இசைவு வேண்டுகின்றார். தலைமைத் தளபதி இசைவு தருகின்றார். படைகள் எல்லைக்குச் செல்வதற்கு அவர் வாய்மொழி தேவையில்லை. இசைக்குழு பாசறைக்குத் திரும்புவதற்குத் தேவை!

இவ்வாறு பெயரையும் அதிகாரத்தையும் பிரித்துவைத்தவர்கள் அறியாமையால் அதனைச் செய்யவில்லை. அவர்கள் கண்முன் ஒரு வரலாறு இருந்தது. 1902-இல் இந்தியாவின் படைத்தலைவராக வந்த கிச்சனர் பிரபு, படை தொடர்பான அனைத்தும் தம் ஒருவர் வழியாகவே அரசுக்குச் செல்லவேண்டும் என்று நின்றார். வைசிராய் கர்சன் அதனை எதிர்த்தார். படைத்தலைவர் சொல்வதை ஆராய்ந்து உரைக்க அரசின் அவையில் வேறொருவர் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். இலண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. 1905 ஆகத்தில் கர்சன் பதவி துறந்தார். வங்கத்தைப் பிளந்த கர்சனிடம் நமக்குப் பரிவு இல்லை. ஆயினும் இவ்வொரு வழக்கில் நியாயம் அவர் பக்கமே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அதன்பின் இந்தியாவில் வைசிராயை அடுத்த பெரிய மனிதர் படைத்தலைவரே. 1930-இல் தில்லியில் அவருக்கென எழுந்த மாளிகை ஃபிளாக்சுடாஃப் அவுசு எனப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948-இல் அம்மாளிகையில் குடியேறியவர் நேரு. இன்று தீன்மூர்த்தி பவன் என நாம் அறிவது அதுவே. வீடு மாறியதைக் காட்டிலும் பெரியதொரு மாற்றம் 1955-இல் நிகழ்ந்தது. முப்படைகளுக்கும் தனித்தனியே இருந்த 'கமாண்டர்-இன்-சீஃப்' என்னும் பதவிப்பெயரை நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் நீக்கி, 'சீஃப் ஆஃப் சுடாஃப்' என ஆக்கியது. தலைமை ஆணையுரிமை குடியரசுத் தலைவர் ஒருவரிடமே இருக்க, படைகளை நடத்துவோர் தம்தம் படையின் தலைவராக மட்டுமே நின்றனர். 2020 சனவரி முதல் நாள் உண்டாக்கப்பட்ட முப்படைத் தலைமை அதிகாரி என்னும் பதவிக்கும்கூட முப்படைத் தளபதிகள்மீது போர் ஆணையிடும் உரிமை தரப்படவில்லை.

இந்த எச்சரிக்கை வீண் அச்சமா? அண்டை நாட்டைப் பார்த்தால் விளங்கும். ஒரே பயிற்சிப் பள்ளிகளில் பயின்று, ஒரே கொடியின்கீழ் பணியாற்றிய படை 1947-இல் இரண்டாகப் பிரிந்தது. பாக்கித்தானில் 1954-இல் படைத்தலைவர் அயூப்கான், அப்பதவியில் இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். 1958 அக்டோபர் 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இசுகந்தர் மிர்சா அரசியலமைப்பை நீக்கி, படையாட்சியை அறிவித்து, அதன் பொறுப்பை அயூப்கானிடம் ஒப்படைத்தார். இருபது நாள் கழித்து, 27-ஆம் நாள், அயூப்கான் மிர்சாவையே நீக்கினார். புலியை வாயிலில் கட்டியவர்க்கு வாயிலும் மிஞ்சவில்லை. இங்கோ, மறு ஆண்டே 1959 ஆகத்தில், பாதுகாப்பு அமைச்சர் கிருட்டிண மேனனோடு ஏற்பட்ட பிணக்கால் தளபதி திம்மய்யா பதவி விலகல் மடல் கொடுத்தார். நேரு அழைத்துப் பேசியதும் திரும்பப் பெற்றார். குடிமை அதிகாரமே மேலானது என்று நேரு நாடாளுமன்றத்தில் உரைத்தார். திம்மய்யாவை அவர் நடத்திய விதம் முற்றும் நேரியதென்று நாம் கருதவில்லை. ஆயினும் ஒரு படைப்பிரிவுகூடப் பாசறையை விட்டு நகரவில்லை என்பது சிறிய செய்தியன்று.

அமெரிக்காவில் பெயரும் அதிகாரமும் ஒருவரிடமே. அங்கே குடியரசுத் தலைவர் மெய்யாகவே படைத்தலைவர். 1951 ஏப்ரலில் புகழின் உச்சியில் இருந்த மெக்காதரை ட்ரூமன் ஒரே ஆணையில் நீக்க முடிந்தது அதனாற்றான். அவ்வதிகாரத்தின் மறுபக்கத்தையும் அந்நாடு கண்டது. 1942-க்குப் பின் அமெரிக்கப் பேரவை முறைப்படி போர் அறிவித்ததே இல்லை. கொரியாவும் வியத்நாமும் அதன்றியே நடந்தன. பட்ட அறிவால் 1973-இல், நிக்சனின் மறுப்பையும் மீறி, படை அனுப்பிய 48 மணி நேரத்துக்குள் பேரவைக்கு அறிவித்தல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் இயற்றினர். கடிவாளம் பிடித்தது பாதி, பிடிக்காதது பாதி.

இதுவரை கூறியவற்றால், ஆணையிடாத தளபதியே நன்று என்று நாம் முடிவு செய்துவிட்டதாகப் படிப்போர் கருதலாம். பாதிதான் அது. இப்பதவியில் இருந்தோருள் நம் மண்ணின் மைந்தர் அப்துல் கலாம் அவர்களை எண்ணிப் பார்ப்போம். இளமையில் வானூர்திப் படையில் சேர விரும்பி டேராடூன் சென்று, எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராய்த் தேறித் திரும்பியதைத் தம் தன்வரலாற்றில் எழுதியவர் அவர். அவரே 2006 சூனில், 74-ஆம் அகவையில், தலைமைத் தளபதியாகப் புனேயில் சுகோய் போர் வானூர்தியில் பறந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் விசாகப்பட்டினக் கடலில் நீர்மூழ்கிக் கலத்தில் சென்றார். 2004-இல் சியாச்சின் பனிமலையில் வீரர்களைக் கண்டார். இராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை அவ்வூர்தியில் அமர்ந்த படத்தை நாளேட்டில் கண்டபோது நாம் அடைந்த பெருமிதம் இன்றும் குறையவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2003 சனவரியில், அணுக்கருவிகளைப் பயன்படுத்தும் அதிகாரம் யாருக்கு என்று ஒன்றிய அரசு அறிவித்தபோது, அது தலைமை அமைச்சர் தலைமையிலான அரசியல் குழுவுக்கே உரியது என்றது. 1998-இல் பொக்ரான் ஆய்வில் முன்னின்ற அறிவியலாளரே அன்று குடியரசு மாளிகையில் இருந்தார். அவ்வாணையில் அவருக்குப் பங்கில்லை.

ஆணையிடும் உரிமை இல்லை என்பது சரி. கேட்கும் உரிமையும் இல்லையா? இருக்கிறது. 78-ஆவது உறுப்பு, குடியரசுத் தலைவர் கேட்கும் செய்திகளைத் தருவதைத் தலைமை அமைச்சரின் கடமை ஆக்குகிறது. 1975 சூன் 25 இரவு, அமைச்சரவை கூடுமுன்னரே நெருக்கடிநிலை அறிவிப்பில் பக்ருத்தீன் அலி அகமது ஒப்பமிட்டார். அந்த ஒப்பத்தின் விலையை நாடு அறியும். அதனால் 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம், அமைச்சரவையின் எழுத்து வடிவப் பரிந்துரை இன்றி அத்தகைய அறிவிப்பு கூடாதென விதித்ததோடு, எந்த அறிவுரையையும் ஒருமுறை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பும் உரிமையையும் அவருக்குத் தந்தது. அதனைப் பயன்படுத்தியவர் கே. ஆர். நாராயணன். 1997-இல் உத்தரப்பிரதேசத்திலும் 1998-இல் பீகாரிலும் மாநில ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரையை அவர் திருப்பி அனுப்பினார். இருமுறையும் அன்று ஒன்றிய ஆட்சி பின்வாங்கியது.

அதே நாராயணன் அவர்களின் இறுதி ஆண்டில்தான் 2002 வந்தது. பிப்ரவரி 27-இல் கோத்ராவில் தொடர்வண்டிப் பெட்டியில் மனிதர்கள் எரிந்து மாண்டனர். அதன்பின் குசராத்து எரிந்தது. ஒன்றிய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கின்படியே உயிரிழந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். தலைமைத் தளபதி தில்லியில் இருந்தார். அவர் என்ன செய்தார்?

சட்டப்படி அவரால் ஒரு படைப்பிரிவையும் அனுப்ப இயலாது. கலவரத்தை அடக்கப் படை வருவது குடிமை அதிகாரத்துக்குத் துணையாக மட்டுமே. அழைப்பவர் மாவட்ட ஆட்சியைச் சார்ந்த நடுவர். எந்த நடுவரையும் தொடர்புகொள்ள இயலாத வேளையில்தான் படை அதிகாரி தாமே செயற்படலாம். ஆகவே நாராயணன் அவர்கள் தம்மிடம் இருந்த ஒரே கருவியை எடுத்தார்கள், அது எழுதுகோல். பதவி நீங்கியபின் 2005-இல் மலையாள இதழொன்றுக்கு அளித்த நேர்காணலில், படையை அனுப்புமாறு தலைமை அமைச்சர் வாசுபாயியிடம் மடல் வாயிலாகவும் நேரிலும் வலியுறுத்தியதாக அவர்கள் கூறினார்கள். படை சென்றது, வன்முறையாளர்மீது சுடும் அதிகாரம் அதற்குத் தரப்பட்டிருப்பின் துயரைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அப்படையை நடத்திச் சென்றவரும், பின்னாளில் அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் இருந்தவருமான சமீருத்தீன் ஷா, அகமதாபாத்து வானூர்தி நிலையத்தில் இறங்கிய வீரர்கள் ஊர்திகளுக்காக ஒரு நாள் காத்திருக்க நேர்ந்ததென 2018-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். உச்ச நீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவோ, படையை அழைப்பதில் காலத்தாழ்வு இல்லை என்று முடிவு கூறியிருந்தது. இரண்டையும் அருகருகே வைப்பது நம் கடமை. தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆயினும் ஒரு நாளில் எத்தனை தெருக்கள் எரியும் என்பதை அறியாதார் நம்முள் எவருமில்லை.

இவ்விடத்தில் பெரியவர் சிலர், அப்படியாயின் குடியரசுத் தலைவருக்கே படையை ஏவும் நேரடி அதிகாரம் தரலாமே என்பர். அவர்தம் வேதனை நமக்குப் புரிகிறது. எனினும் அதற்கு நாம் உடன்படோம். மக்கள் வாக்கால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர், நாடாளுமன்றத்துக்கு விடை கூறக் கடமைப்படாத ஒருவர், படையைத் தாமாக ஏவலாம் என்றால், இன்று நல்லவர் கையில் காக்கும் கருவி நாளை வேறொருவர் கையில் என்னாகும்? மிர்சாவும் குடியரசுத் தலைவர்தாம். நாம் கேட்பது வேறு. 53-ஆவது உறுப்பு 'சட்டத்தால் நெறிப்படுத்தப்படும்' என்று சொல்கிறதே, அந்நெறியை நாடாளுமன்றம் இன்னும் முழுமையாக எழுதவில்லை. போர் தொடுக்கவோ, அயல்நாட்டுக்குப் படை அனுப்பவோ முன்கூட்டி நாடாளுமன்றத்தின் இசைவு பெறவேண்டும் என்று நம் அரசியலமைப்பில் விதி இல்லை. 1987-இல் இலங்கைக்குப் படை சென்றது ஓர் உடன்பாட்டின் பேரில். 1990 மார்ச்சில் அது திரும்பியபோது இழந்த இந்திய வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்; அங்குள்ள தமிழ் மக்கள் பட்டதைத் தனியே சொல்லவேண்டும். அதன் தொடக்கத்திலிருந்து இறுதிவரை தலைமைத் தளபதியாக இருந்தவர் தஞ்சை மாவட்டத்து ஆர். வெங்கட்டராமன் அவர்கள், முன்னாளில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்து படையை அறிந்தவர். அத்தகையவர்க்கும், அனுப்பும் முன் அவையைக் கேட்டீர்களா என்று வினவச் சட்ட வரி ஒன்றும் கைகொடுக்கவில்லை.

கேட்கப்படாத பதவி மெல்ல அலங்காரமாகிவிடும். 2019-ஆம் ஆண்டுத் தேர்தல் வேளையில், படையின் செயல்களைக் கட்சிகள் வாக்குக் கேட்கப் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டுமென, ஓய்வுபெற்ற படையினர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் பெயரால் குடியரசுத் தலைவருக்கு ஒரு மடல் வெளிவந்தது. பட்டியலில் இருந்தோருள் சிலர் தாம் ஒப்பமிடவில்லை என மறுத்தனர். மடல் வந்து சேரவில்லை என்று குடியரசு மாளிகை தரப்பில் கூறப்பட்டது. அச்சர்ச்சை எவ்வாறாயினும் ஆகுக. முதிய வீரர்கள் முறையிட நினைத்தபோது அவர்கள் விளித்தது தலைமை அமைச்சரை அன்று, தம் தலைமைத் தளபதியை. உறுதிமொழி எடுத்த நாளில் கேட்ட பெயர் அது.

நாராயணன் அவர்களின் மடல்களுக்கு நேர்ந்ததையும் கூறிவிடுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின் ஒரு குடிமகன், 2002 பிப்ரவரி 28 முதல் மார்ச்சு 15 வரை குடியரசுத் தலைவருக்கும் தலைமை அமைச்சருக்கும் இடையே நடந்த மடற்போக்குவரத்தைக் கேட்டு விண்ணப்பித்தார். அரசு மறுத்தது. 2006-இல் மையத் தகவல் ஆணையம் அம்மடல்களைத் தன் பார்வைக்குக் கொணருமாறு பணித்தது. அரசு வழக்குத் தொடுத்தது. அமைச்சரவை தந்த அறிவுரையை நீதிமன்றம் வினவலாகாது என்னும் 74-ஆவது உறுப்பின் காப்பு இதற்கும் உண்டு எனக் கொண்டு, 2012 சூலையில் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் ஆணையை நீக்கியது. எழுதியவர் 2005-இலும் பெற்றவர் 2018-இலும் மறைந்துவிட்டனர். நம் மாணவரின் வினாவுக்கு உரிய விடையின் ஒரு பகுதி அவ்வுறைக்குள் இருக்கிறது.